பேனாக்கத்தி



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் மிகச் சிறியது. மூன்றரை அங்குல நீளம்தான் இருக்கும். மூடி வைத்தால் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். நான் ஆசிரியப் பயிற்சி முடித்துப் பட்டதாரி ஆசிரியராகப் பணியேற்ற 1984ஆம் ஆண்டு முதல், நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக என்னோடு இருந்துவரும் ஒரு பேனாக்கத்திதான் அது. ஒரு கத்தியைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று நீங்கள் எண்ணலாம். அதனால் நான் வெட்டிய பொருள்கள் பல. அதனிடமிருந்து நான் கற்றுக்கொண்டவை சில. அந்தச் சிலவற்றைச் சொல்லவே வந்திருக்கிறேன்.

என் தாய்மாமன் கப்பலில் வேலை பார்த்தவர். எனக்கு வேலை கிடைத்த செய்தி அறிந்து, அயல்நாட்டுத் துறைமுகம் ஒன்றில் வாங்கிய இக்கத்தியை என்னிடம் கொடுத்தார். "மாப்பிள்ளை, இது துருவே பிடிக்காதாம். கவலையில்லாமல் வைத்துக்கொள்" என்றார். கவலையில்லாமல் என்ற அந்தச் சொல்லை நான் தவறாகப் பொருள்கொண்டு விட்டேன் என்பது பின்னர்தான் புரிந்தது.

சிவப்புக் கைப்பிடி கொண்ட சுவிட்சர்லாந்துக் கத்தி அது. அந்நாட்டின் இபாக் என்னும் ஊரில் கார்ல் எல்சனர் என்பவர் 1884இல் ஒரு கத்திப் பட்டறை தொடங்கினார். 1891இல் தம் நாட்டுப் படைவீரர்களுக்கு மடக்குக் கத்திகள் செய்து கொடுத்தார். 1897இல் அதனினும் எடை குறைந்த, பல கருவிகள் அடங்கிய கத்தி ஒன்றை உருவாக்கினார். அதன் வழிவந்ததே என் கத்தி. அவருடைய தாயின் பெயர் விக்டோரியா. துருப்பிடிக்காதது என்பதைக் குறிக்கும் 'இனாக்ஸ்' என்ற சொல்லை 1921இல் அப்பெயரோடு சேர்த்ததால் விக்டோரினாக்ஸ் என்ற பெயர் பிறந்தது.

இதில் பெரிய அலகு ஒன்று, சிறிய அலகு ஒன்று, தகர டப்பா திறக்கும் கருவி, திருப்புளி, துளையிடும் ஊசி, தக்கை எடுக்கும் திருகு ஆகியவை மடங்கிக் கிடக்கின்றன. பக்கவாட்டில் ஒரு முள்வாங்கியும் உண்டு. தக்கை எடுக்கும் திருகுக்கு ஆசிரியன் வீட்டில் என்ன வேலை? இறுகிப்போன கயிற்று முடிச்சுகளை அவிழ்க்க அதைவிடச் சிறந்த கருவி இல்லை என்று கண்டுகொண்டேன். தேர்வு வினாத்தாள் கட்டுகளின் சணலை அறுத்தது, பென்சில் சீவியது, வரைபடத் தாள் வெட்டியது, தேர்தல் பணிக்குச் சென்றபோது அரக்கையும் நூலையும் சீர்செய்தது, பேருந்துப் பயணத்தில் கொய்யாப்பழம் நறுக்கியது, பிள்ளைகளின் காலில் தைத்த கருவேல முள்ளை எடுத்தது என்று அதன் பணிகளை அடுக்கிக்கொண்டே போகலாம். எல்லாம் சின்னஞ்சிறு வேலைகள்தாம். ஆயினும் அந்தந்த நேரத்தில் அவை நடந்தாக வேண்டிய வேலைகள்.

பேனாக்கத்தி என்னும் பெயரையே சிறிது பாருங்கள். போர்த்துகீசிய மொழியில் 'பேனா' என்றால் இறகு. முற்காலத்தில் ஐரோப்பியர் பறவையின் இறகைச் சீவி மையில் தோய்த்து எழுதினர். இறகு தேயத் தேய அதன் முனையைச் சீவிக் கொள்ளச் சிறுகத்தி ஒன்றை உடன் வைத்திருந்தனர். ஆகவே அது பேனாக்கத்தி ஆயிற்று. நம் முன்னோர் பனையோலையில் எழுத்தாணி கொண்டு எழுதினர் என்பதை நீங்கள் அறிவீர்கள். ஓலையின் ஓரங்களை வாருவதற்கான கத்தியோடு கூடிய எழுத்தாணிக்கு வாரெழுத்தாணி என்று பெயர். கத்தியைப் போல மடக்கி வைக்கத்தக்க மடக்கெழுத்தாணியும் இருந்தது. ஆகவே சிறுகத்தி என்பது கைகலப்புக்கு உரியதாகப் பிறந்ததன்று. இறகுக்கும் ஓலைக்கும் பக்கத்தில், கற்றோர் கையில் வளர்ந்தது அது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் இதற்குத் திரும்பி வருவேன்.

இனி, துருப்பிடிக்காத எஃகு என்பது என்ன? நாம் வீட்டில் எவர்சில்வர் என்று சொல்கிறோமே, அதுவும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. இதன் கதையில் நம் நாட்டுக்கும் ஒரு சிறு பங்கு உண்டு. தென்னிந்திய உலைகளில் உருவான உயர்ந்த எஃகு 'ஊட்ஸ்' என்ற பெயரால் ஐரோப்பாவில் புகழ்பெற்றிருந்தது. உருக்கு என்ற நம் சொல்லுடனும், உக்கு என்ற கன்னடச் சொல்லுடனும் அப்பெயரைத் தொடர்புபடுத்துவர் அறிஞர். இலண்டனில் கத்தி செய்யும் தொழிலில் இருந்த ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்பவர் அந்த ஊட்ஸ் எஃகின் மீது பேரார்வம் கொண்டவர். அவரும், கொல்லர் ஒருவரின் மகனாகப் பிறந்து விஞ்ஞானியாக உயர்ந்த மைக்கேல் ஃபாரடேயும் சேர்ந்து அதனை ஆராய்ந்தனர். அத்தகைய எஃகைத் தாமும் செய்யும் முயற்சியில் பற்பல உலோகங்களை எஃகோடு கலந்து பார்த்து, 1820இலும் 1822இலும் முடிவுகளை வெளியிட்டனர். அவர்கள் கலந்து பார்த்த உலோகங்களுள் குரோமியமும் ஒன்று.

எனினும் கத்திக்கு ஏற்ற துருப்பிடிக்காத எஃகு கைவர மேலும் ஏறத்தாழ நூறாண்டுகள் ஆயின. இங்கிலாந்தில் ஷெஃபீல்டு நகரைச் சேர்ந்த ஹாரி பிரியர்லி, துப்பாக்கிக் குழல்கள் உள்ளே தேய்ந்துபோவதைத் தடுக்க வழி தேடிக்கொண்டிருந்தார். 1913ஆம் ஆண்டு நூற்றுக்கு ஏறத்தாழ 13 பங்கு குரோமியம் கலந்த எஃகை வார்த்தெடுத்தார். அமிலத்தால் அரிக்கப்படாமல் அது நின்றதைக் கண்டதும், இது கத்திகளுக்கு ஏற்றது என்று அவர் மனத்தில் பட்டது. ஆனால் முதலில் செய்துபார்த்த கத்திகள் நன்றாக அமையவில்லை. 'வெட்டாத கத்தியைக் கண்டுபிடித்தவர்' என்று அவரை ஊரார் கேலி செய்தனராம். எஃகைச் சரியான வெப்பத்தில் காய்ச்சித் தோய்க்கும் முறை தெரிந்த பின்னரே அந்தக் கேலி ஓய்ந்தது.

குரோமியம் எப்படித் துருவைத் தடுக்கிறது? எஃகின் மேற்பரப்பில் உள்ள குரோமியம் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து ஒரு மெல்லிய படலமாகிறது. ஒரு மில்லிமீட்டரைப் பத்து இலட்சம் கூறிட்டால், அவற்றுள் சில கூறுகளின் கனமே அதற்கு உண்டு. கண்ணுக்குத் தெரியாத அந்தப் படலமே கவசம். பூசிய வர்ணம் கீறினால் கீறியபடியே கிடக்கும். இந்தப் படலமோ, கீறிய இடத்தில் காற்றுப் பட்டவுடன் மறுபடியும் தானே உண்டாகிவிடும். ஆயினும் அதற்கும் ஒரு பகை உண்டு, அது உப்பு. உப்பும் ஈரமும் ஓரிடத்தில் தேங்கி நின்றால் படலத்தில் ஊசிமுனை போன்ற துளைகள் விழும். அத்துளைகளில் துரு குடியேறும்.

வீட்டிலேயே ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். ஒரு காந்தத்தை எவர்சில்வர் டம்ளரின் அருகில் கொண்டுபோங்கள். பெரும்பாலான டம்ளர்கள் அதைப் பொருட்படுத்தா. அதே காந்தத்தைக் கத்தியின் அலகருகே கொண்டுபோனால் சட்டென்று ஒட்டிக்கொள்ளும். இரண்டும் துருப்பிடிக்காத எஃகே எனினும் இயல்பு வேறு. நல்ல எவர்சில்வர் பாத்திரத்தில் குரோமியம் ஏறத்தாழ 18 பங்கும் நிக்கல் 8 பங்கும் இருக்கும். அது துருவை நன்கு தாங்கும். ஆனால் காய்ச்சித் தோய்த்து அதைக் கடினமாக்க முடியாது. கத்தி எஃகில் நிக்கலைச் சேர்க்காமல் கரியைக் கூட்டுவர். என் கத்தி போன்றவற்றில் குரோமியம் 15 பங்கு அளவிலும் கரி அரைப் பங்கு அளவிலும் இருக்கும். கரி இருப்பதால் கூர்மை நிற்கிறது. அதே கரி குரோமியத்தில் ஒரு பகுதியைத் தன்னோடு பிணைத்துக் கொள்வதால், துருவைத் தாங்கும் ஆற்றல் சிறிது குறைகிறது. கூர்மை வேண்டுமானால் கொஞ்சம் கவனமும் வேண்டும் என்பது அந்த எஃகிலேயே எழுதப்பட்டிருக்கிறது.

இவையெல்லாம் விஞ்ஞான ஆசிரியனாகிய எனக்குப் புத்தகத்தில் தெரியும்; ஆனால் கையில் தெரியவில்லை. ஒருமுறை மாணவர்களோடு கடற்கரைக்குச் சுற்றுலா போனோம். மாங்காயைக் கீறி உப்பும் மிளகாயும் தூவித் தின்றோம். கத்தியைக் கைக்குட்டையால் துடைத்து மடக்கிப் பைக்குள் போட்டுவிட்டேன். துருவே பிடிக்காத கத்தி அல்லவா! ஒரு வாரம் கழித்துத் திறந்தபோது, பெரிய அலகின் அடிப்பகுதியில் மிளகளவில் ஒரு பழுப்புப் புள்ளி. தேய்த்துத் துரு போயிற்று. குழி மட்டும் இன்றும் இருக்கிறது. பிறிதொரு நாள், மேசை இழுப்பறையின் திருகாணியைத் திருப்புளி கொண்டு கழற்றச் சோம்பி, திறந்திருந்த அலகின் முனையாலேயே நெம்பினேன். முனை ஒடிந்தது. அன்று முதல் அக்கத்தி சிறிது குட்டை.

இனி நான் சொல்லப்போவது இவற்றினும் பெரிய பிழை. கத்திக்குச் செய்ததன்று, ஒரு மாணவனுக்குச் செய்தது.

1991ஆம் ஆண்டு. கடலோரச் சிற்றூர் ஒன்றின் உயர்நிலைப் பள்ளியில் பணியாற்றினேன். ஒன்பதாம் வகுப்பில் ஒரு பையனின் பையில் கத்தி இருப்பதாக மற்றொருவன் வந்து சொன்னான். சோதித்தேன். மரப்பிடி போட்ட, கறுத்த இரும்புக் கத்தி ஒன்று இருந்தது. "சார், வலை பின்னுற கத்தி சார். சாயந்திரம் நேரே கரைக்குப் போகணும்" என்றான். நான் செவிசாய்க்கவில்லை. அத்தனை பேர் முன்னிலையில் அவனைக் கடிந்து, கத்தியைப் பறித்து, ஆசிரியர் அறை இரும்பு அலமாரியில் பூட்டினேன். அப்பாவை அழைத்து வந்தால்தான் வகுப்புக்குள் நுழையலாம் என்றேன்.

மறுநாள் அவன் வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. பத்து நாள்கள் கடந்தன. அவன் புத்தகப் பையோடு காலையில் புறப்பட்டுப் பகல் முழுவதும் படகுகளின் நிழலில் உட்கார்ந்திருப்பதாக, கரைப்பக்கம் போய்வந்த சக ஆசிரியர் சொன்னார். தந்தையிடம் சொல்ல அவனுக்கு அச்சம். சொல்லாமல் வகுப்புக்குள் வர என் கட்டளை தடை. இன்னும் சில நாள்கள் போயிருந்தால் பேர் அடிபட்டு, அவன் படிப்பு அத்தோடு நின்றிருக்கும். என் நெஞ்சு குறுகுறுத்தது. அலமாரியைத் திறந்து கத்தியை எடுத்தேன். உப்புநீர் பட்ட இரும்பு. பத்து நாளில் செந்துரு பூத்துக் கிடந்தது.

அதை எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். தந்தை கயிற்றுக் கட்டிலை எடுத்துப் போட்டு, "உட்காருங்க சார்" என்றார். நடந்ததைச் சொல்லி, விசாரிக்காமல் செய்துவிட்டேன், பிழை என்னுடையது என்றேன். பையன் கதவருகே தலைகுனிந்து நின்றான். அவர் அவனை ஒன்றும் சொல்லவில்லை. துருப்பிடித்த கத்தியைப் புரட்டிப் பார்த்து, "இது போயிரும் சார்" என்று சாணைக்கல்லில் நீர் தெளித்துத் தேய்த்தார். சில நிமிடங்களில் வெள்ளிக் கோடு போல் விளிம்பு தெளிந்தது.

பிறகு, "உங்க கத்தியக் கொஞ்சம் காட்டுங்க சார். சார்கிட்ட சிவப்புக் கத்தி ஒண்ணு இருக்குன்னு பய சொல்லுவான்" என்றார்.

எனக்கு முகத்தில் அறைந்தாற்போல் இருந்தது. ஒரு கத்தியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே அவன் கத்தியை நான் பறித்திருக்கிறேன். அதை அவன் பார்த்திருக்கிறான். பார்த்தும் ஒரு சொல் கேட்கவில்லை. எடுத்துக் கொடுத்தேன். அவர் அலகைப் பெருவிரல் நகத்தின்மேல் மெல்ல வைத்துப் பார்த்தார். அது வழுக்கியது. "பளபளன்னு இருக்கு சார். ஆனா வெட்டாது போலிருக்கே" என்றார். ஏழாண்டுகளாக அதை நான் ஒருமுறைகூடத் தீட்டியதில்லை.

அன்று மாலை அவர் எனக்குத் தீட்டக் கற்றுக்கொடுத்தார். "ரொம்பப் படுக்க வச்சா கன்னந்தான் தேயும். நிமித்திப் பிடிச்சா வாய் மழுங்கும்" என்றார். வீட்டுக்கு வந்து அந்தச் சாய்வை அளந்து பார்த்தேன். செங்கோணத்தைப் பாதியாக்கி, அந்தப் பாதியையும் பாதியாக்கினால் வருவதற்குச் சற்றுக் குறைவு. ஏறக்குறைய 20 பாகை. ஒரு பக்கம் தேய்க்கும்போது மறுபக்க விளிம்பில் மெல்லிய பிசிறு எழும். அதை விரலால் உணர்ந்தபின் கத்தியைத் திருப்பித் தேய்க்க வேண்டும். இறுதியில் அழுத்தாமல் இரு பக்கமும் மாறி மாறி இழுத்தால் பிசிறு நீங்கும். துருப்பிடிக்காத எஃகு கல்லுக்கு எளிதில் இணங்காது. பொறுமை மிகுதியும் வேண்டும். அந்தப் பொறுமை அவரிடம் இருந்தது. குரோமியத்தின் இயல்பை வகுப்பில் விரித்துரைத்த நான், பள்ளிக்கூடம் போகாத அவரிடம் மாணவனாக இருந்தேன்.

பையன் திங்கட்கிழமை வகுப்புக்கு வந்தான். அவன் கத்தி படகிலேயே இருக்கட்டும், பள்ளிக்கு வேண்டாம் என்று மூவரும் பேசி முடித்தோம். நானும் அன்றுமுதல் என் கத்தியை வகுப்பறைக்குள் கொண்டுபோவதில்லை. ஆய்வுக்கூட அலமாரியில் வைத்துவிட்டே போவேன். மாணவனுக்கு ஒரு விதி, ஆசிரியனுக்கு ஒரு விதி என்று இருக்கலாகாது அல்லவா? அவன் பத்தாம் வகுப்புத் தேறி, எந்திரப் பழுது பார்க்கும் தொழில் பயின்று, இப்போது படகு எந்திரங்களைச் சீர்செய்யும் பட்டறை நடத்துகிறான். பின்னர் நான் தலைமையாசிரியனானபோது, எந்தப் பொருளைப் பறிப்பதற்கு முன்னும் 'இது எதற்கு?' என்று கேட்டு, விடையை முழுவதும் கேட்ட பின்னரே கை நீட்டினேன்.

மாணவர்களே, இதைக் கேட்டு நாளைக்கே யாரும் பையில் கத்தி வைத்துக்கொண்டு பள்ளிக்கோ கல்லூரிக்கோ செல்லலாகாது. பலர் கூடும் இடத்தில் ஒரு கத்தி, வைத்திருப்பவன் எண்ணம் நல்லதாயினும், அருகிலிருப்பவனுக்கு அச்சம் தரும். கோபம் ஒரு நொடியில் வரும். கையில் கத்தி இருந்தால் அந்த நொடி வாழ்நாளையே விழுங்கிவிடும். விமானப் பயணத்திலும் கத்தியைக் கைப்பையில் கொண்டுபோக இடமில்லை. அதற்கு உரிய இடம் வீடு, பட்டறை, தோட்டம், ஆய்வுக்கூடம். பெரியோர் அறிய, அங்கே பயன்படுத்துங்கள்.

பயன்படுத்துவோர்க்குச் சில குறிப்புகள் சொல்கிறேன். பழமோ மாங்காயோ அரிந்தவுடன் கத்தியை நல்ல நீரில் கழுவி, மடிப்பின் உட்புறமும் உலரும்வரை திறந்து வையுங்கள். வாழைக்காயின் பால் ஒட்டினால் எண்ணெய் தொட்டுத் துடைத்துப் பின் கழுவுங்கள். கீலில் எப்போதேனும் ஒரு துளி எண்ணெய் விடுங்கள். வெட்டும்போது அலகு உங்கள் உடலுக்கு அப்புறமாகவே செல்லட்டும். இத்தகைய கத்திகளில் பலவற்றுக்கு அலகைப் பூட்டும் அமைப்பு இல்லை; முதுகுப்புறம் அழுந்தினால் மடங்கி விரலை வெட்டும். கூரான கத்தியைவிட மழுங்கிய கத்தியே ஆபத்தானது; அது வெட்டாததால் நாம் மிகுதியாக அழுத்துவோம், அது வழுக்கும். பிறருக்குக் கொடுக்கும்போது மடக்கிக் கொடுங்கள். திறந்தே கொடுக்க வேண்டுமாயின் கைப்பிடியை அவர்பக்கம் நீட்டுங்கள்.

என் கத்தி இப்போது பழைய வடிவில் இல்லை. தீட்டித் தீட்டி அலகு ஒடுங்கியிருக்கிறது. முனை குட்டை, அடியில் ஒரு குழி. சிவப்புப் பிடி மங்கிவிட்டது. ஆயினும் இன்று காலை, பேரனின் பென்சிலை ஒரே சீவலில் சீவியது. துருப்பிடிக்காத எஃகு என்ற பெயரை நம்பி, நான் அதைக் கவனியாமல் விட்ட ஆண்டுகளில் அது பளபளத்தது, வெட்டவில்லை. வாரந்தோறும் கழுவித் துடைத்து, மாதந்தோறும் தீட்டி வந்த ஆண்டுகளில் பளபளப்புக் குறைந்தது, பணி குறையவில்லை.

நல்ல எஃகைச் செய்து தருவது விஞ்ஞானம். அதை நாற்பது ஆண்டு நல்ல கத்தியாக வைத்திருப்பது நம் கையில் இருக்கிறது. உங்கள் வீட்டில் பழைய கத்தி ஏதேனும் மழுங்கிக் கிடந்தால், அதை எறிவதற்கு முன், தீட்டத் தெரிந்த பெரியவர் ஒருவரிடம் எடுத்துச் சென்று, "எனக்குக் கற்றுக் கொடுங்கள்" என்று கேளுங்கள். கத்தியோடு வேறு சிலவும் கூர்மை பெறக்கூடும்.